முதுகில் இருக்கும் பையை இறக்கி கேரியரில் மாட்டு

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வேளச்சேரியிலிருந்து தரமணி ஆபீசுக்கு நீ சைக்கிளில் போய்வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாப்பாட்டுப் பை. அதை நாளைக்கே நிறுத்திவிடு. ஹேண்டில்பாரில் தொங்கும் எதுவும் ஒவ்வொரு மிதிக்கும் ஆடும். வண்டியைத் திருப்பும்போது முன்சக்கரத்தின் பக்கம் சாயும். பையின் காதோ ஓரத் துணியோ போக்ஸ் கம்பிக்குள் நுழைந்து, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் போய் இடித்தால் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டினால் வண்டி இழுத்துக்கொண்டு போய் நிற்கும். முன்சக்கரம் பூட்டினால் ஆள் ஹேண்டிலைத் தாண்டித்தான் விழுவார். அதற்கு வேகமாகப் போக வேண்டும் என்றுகூட இல்லை. துப்பட்டாவின் இரண்டு முனையையும் பின்னால் முடிந்துகொள் என்று அம்மா சொல்வதும் இதனால்தான்.

இனி முதுகுப் பை. லேப்டாப், சார்ஜர், ஒரு லிட்டர் தண்ணீர், சாப்பாடு, மாற்றுத் துணி, பூட்டு எல்லாம் சேர்ந்தால் ஐந்து கிலோ சுலபமாக வந்துவிடும். அதை முதுகில் ஏற்றினால் தோள் இழுக்கும், உள்ளங்கையில் பாரம் விழும், முதுகில் காற்றே படாது. சென்னை வெக்கையில் சட்டை நனைவதற்கு நாலைந்து கிலோமீட்டரே போதும். பாரம் உயரத்தில் இருப்பதால் திருப்பத்தில் வண்டியும் தள்ளாடும். அதே ஐந்து கிலோவைப் பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்தால் மிதிக்கும்போது தெரியவே தெரியாது.

உன் வண்டியில் கேரியர் இல்லை, அதனால் வாங்க வேண்டும். சீட் கம்பியில் மட்டும் கவ்விப் பிடிக்கும் கேரியரைக் கடைக்காரர் முதலில் காட்டுவார், மாட்டுவது சுலபம் என்பதால். வேண்டாம். அதன் தாங்குசக்தி பெரும்பாலும் பத்து கிலோவுக்குள்தான். பக்கவாட்டில் பை தொங்கினால் மெல்ல மெல்லத் திரும்பிப்போய் சக்கரத்தில் உரசும். பின் அச்சுக்குப் பக்கத்தில், ஃபிரேமிலேயே திருகு போட்ட சிறு துளை இருக்கிறதா பார். அதில் இரண்டு கால்களும் ஊன்றி நிற்கும் கேரியர்தான் உனக்கு வேண்டியது. அந்த வகை சாதாரணமாக 25 கிலோ வரை தாங்கும். கேரியர் மேலேயே எழுதியிருக்கும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால், கேரியரின் கால்கள் பிரேக்கில் முட்டாத மாதிரி விலகி வளைந்த கேரியராகக் கேட்டு வாங்கு.

அந்தத் துளைகள் பெரும்பாலும் எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கானவை, 4 மி.மீ. ஆலன் கீ போதும். போல்ட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றிய பிறகுதான் கீயைப் போட வேண்டும். கோணலாக ஏற்றினால் அலுமினிய ஃபிரேமில் மரை வழித்துவிடும், அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு. கீழே இரண்டு, சீட்டுப் பக்கம் இரண்டு என நான்கு போல்ட்டையும் பாதி பாதி முடுக்கி, கேரியர் நேராக நிற்கிறதா பார்த்துக் கடைசியில் முழுதாக முடுக்கு. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு எந்தப் போல்ட்டும் ஒரு வாரத்தில் சற்றுத் தளரும். மரையில் ஒரு சொட்டு நீல நிற திரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) விட்டுவிடு. முதல் வாரக் கடைசியிலும், பிறகு மாதம் ஒருமுறையும் கீ வைத்துப் பார். ஓட்டும்போது பின்பக்கம் வால் ஆட்டுவதுபோல் தெரிந்தால் ஒன்று போல்ட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் பாரம் அச்சைத் தாண்டிப் பின்னால் போயிருக்கும்.

பையைக் கேரியரின் மேலே கட்டாதே, பக்கத்தில் கொக்கியில் மாட்டும் பையாக வாங்கு. வாங்கும்போது சைக்கிளைக் கடைக்கே கொண்டுபோ. கொக்கி கேரியர் கம்பியில் லொடலொடவென்று இருக்கக் கூடாது; நல்ல பையோடு கம்பித் தடிமனுக்கு ஏற்ற ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டுகள் வரும். கீழே ஒரு கொக்கி கேரியர் காலைப் பிடிக்க வேண்டும், அது இல்லாவிட்டால் பள்ளத்தில் பை வெளியே எகிறிச் சக்கரத்தின் மேல் வந்து அடிக்கும். மாட்டிவிட்டு சீட்டில் உட்கார்ந்து பெடலைப் பின்னால் சுற்றிப் பார். குதிகால் பையில் தட்டினால் கொக்கியைப் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும். தட்டாத அளவுக்கு மட்டும் தள்ளு. ஒரே பைதான் என்றால் இடப்பக்கம் மாட்டு: பஸ்ஸும் லாரியும் வலப்பக்கமாக உரசிக்கொண்டு போகும், கியர் மாற்றும் டீரெயிலரும் அந்தப் பக்கம்தான்.

பை வாங்கும்வரை கேரியர் மேல் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம். கழன்றால் கண்ணில் அடிக்கும், அல்லது சக்கரத்தில் சுற்றும். பஞ்சர் கடையில் பழைய ட்யூபைக் கேட்டு வாங்கி இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிக் கட்டு. வழுக்காது, மிச்ச முனையை நன்றாகச் செருகிவிடு.

அடுக்குவதில்தான் கவனம் வேண்டும். கனமானது கீழே, சக்கரத்தை ஒட்டி. லேப்டாப்பை உறையில் போட்டு, சக்கரத்தை ஒட்டிய பக்கம் செங்குத்தாக நிறுத்து. அதன் அடியில் மடித்த துண்டு ஒன்று இருக்கட்டும். பை தரையில் ‘தொப்’பென்று வைக்கப்படும்போதுதான் மூலை உடைகிறது, ரோட்டில் அல்ல. கிளம்புமுன் அதை ஸ்லீப்பில் விடாமல் முழுதாக அணைத்துவிடு, உறைக்குள் விழித்துக்கொண்டால் சூடேறும்.

சாப்பாடும் லேப்டாப்பும் ஒரே பையில் போகவே கூடாது. இரண்டாவது சின்னப் பை ஒன்றை வலப்பக்கம் மாட்டிக்கொள். சாம்பார் ஏன் கசிகிறது தெரியுமா? கொதிக்கக் கொதிக்க மூடினால் உள்ளே நீராவி முட்டி, மூடி லேசாகத் தூக்கும். அப்புறம் ரோடு குலுக்கும் குலுக்கில் எண்ணெய்தான் முதலில் வெளியே வரும். பத்து நிமிஷம் ஆறவிட்டு மூடு. ரப்பர் வளையமும் நாலு பக்கம் கிளிப்பும் உள்ள எவர்சில்வர் டப்பா வாங்கு. வளையத்தைக் கழற்றிக் கழுவி, காய்ந்த பிறகு போடு. வளையம் உட்காரும் பள்ளத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் கசியும். ரசம், மோர் திருகு மூடிப் பாட்டிலில்தான். டப்பாவை நிமிர்ந்து நிற்கும்படி வைத்து, சுற்றியுள்ள இடைவெளியைத் துணியால் அடை. இடம் இருந்தால் சாயும்.

ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரி ரோடு எப்படி இருக்கும் என்பது உனக்கே தெரியும். மேலே போடும் மழை உறை மேலே விழும் தண்ணீரைத்தான் தடுக்கும். பாதிச் சேறு சக்கரம் வாரி அடிப்பதில், பையின் உள்பக்கமாக வரும். முழு நீள மட்கார்டு போடு. வாய்ப்பகுதியை மூன்று நாலு முறை சுருட்டிப் பூட்டும் பை நல்லது. ஜெர்மனியில் ஆர்ட்லீப் என்பவர் லாரித் தார்ப்பாயில் செய்த பைகளால் பரவிய பாணி அது, இப்போது பலரும் செய்கிறார்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் சாதாரணப் பைக்குள் தடித்த பாலிதீன் பை ஒன்றைப் போட்டு அதற்குள் சாமான்களை வை. தையல் வழியே எவ்வளவு ஊறினாலும் உள்ளே போகாது. முழங்கால் அளவு தண்ணீரில் மட்டும் இறங்காதே, பஸ்ஸில் போ.

காற்று: டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லைக்குள், பின்டயருக்கு வழக்கத்தைவிட 5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாக வை. குறைவாக இருந்தால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை விழும். பஞ்சர் ஒட்டும்போது அப்படி ஜோடித் துளை கண்டால் முள் தேடாதே, காற்றுதான் காரணம்.

சீட்டுக்குக் கீழே இருக்கும் சிவப்பு லைட்டைக் கேரியரின் பின் விளிம்புக்கு மாற்று. இப்போதுள்ள இடத்தில் சாமான் மறைத்துவிடும்.

தினமும் தூக்க வேண்டாததை ஆபீசிலேயே விட்டுவிடு: இன்னொரு சார்ஜர், செருப்பு, கனமான பூட்டு. பூட்டைச் சைக்கிள் நிறுத்தும் கம்பியிலேயே மாட்டி வைக்க செக்யூரிட்டி அண்ணனிடம் கேள். திங்கட்கிழமை மூன்று செட் துணி கொண்டுபோய்விட்டால் மற்ற நாளில் பை பாதியாகும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில், பின் அச்சின் இரண்டு பக்கமும், சீட்டுக்குக் கீழே ஃபிரேமும், டயரில் இருக்கும் எண்ணும் தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்து அனுப்பு. எந்தக் கேரியர் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குள் எதையும் வாங்கிவிடாதே.

அன்புடன்,
அப்பா