வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாம் குடியிருக்கும் பிலடெல்பியா நகரத்தின் பழைய கதை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் படிப்பதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். 19ஆம் நூற்றாண்டின் கறுப்பின பேஸ்பால் ஆட்டக்காரர்கள் என்று பொருள் முன்மொழியப்பட்டபோது, "கிரிக்கெட்டைத் தவிர நமக்கு என்ன தெரியும்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். பிறகு ஒரு கூட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. மொத்தம் ஒன்பது கூட்டங்களும் ஒரு நகர நடையும் நடந்தன. ஜனவரிப் பனியில் ஐந்து பேர் வந்தார்கள். மற்ற மாதங்களில் பன்னிரண்டுக்குக் குறையவில்லை.

முதல் மூன்று கூட்டங்கள் பைதியன் பேஸ்பால் சங்கத்துக்கே போயின. அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) முடிந்த கையோடு பிலடெல்பியாவின் கறுப்பினப் படிப்பாளிகள் அமைத்த சங்கம் அது. அணித் தலைவராக நின்று, களத்தில் இரண்டாம் பேஸ் என்ற இடத்தில் ஆடியவர் ஆக்டேவியஸ் கேட்டோ. அவர் ஆசிரியர்; நகரத்தின் குதிரை ட்ராம்களில் கறுப்பினத்தவரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று போராடியவர். அந்தப் போராட்டத்தின் பயனாக 1867 மார்ச்சில் பென்சில்வேனியா மாநிலம் சட்டம் இயற்றியது. சங்கத்தின் செயலாளர் ஜேக்கப் வைட் ஜூனியர். வந்த கடிதங்களையும் ஆட்டக் கணக்குகளையும் சங்கம் பத்திரப்படுத்தியது. அவை இன்று பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. செயலாளர் பொறுப்பில் இருக்கும் எனக்கு, இந்த ஆண்டு படித்தவற்றிலேயே அதிகம் மனத்தில் தங்கியவை அந்தக் காகிதங்கள்தாம். மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில் நடந்தது நமக்குத் தெரிவதே அவற்றால்தான்.

ட்ராம் சட்டம் வந்த அதே 1867. அக்டோபரில் மாநில பேஸ்பால் சங்கங்களின் மாநாடு ஹாரிஸ்பர்க்கில் கூடியது. உறுப்பினராகச் சேர விண்ணப்பித்திருந்த பைதியன் சங்கத்தின் சார்பில் ரேமண்ட் பர் போனார். விண்ணப்பங்களைப் பார்த்த குழு மற்ற சங்கங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டு, பைதியனைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பிரதிநிதிகள் பலர் பர்ரிடம் வந்து பரிவாகவே பேசினார்கள். தங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றும், வாக்கெடுப்பு வந்தால் தங்கள் சங்கத்தாருக்கு அஞ்ச வேண்டியிருக்கிறதென்றும், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதே நல்லதென்றும் சொன்னார்கள். அவர் ஊருக்குத் தந்தி கொடுத்துக் கேட்டார். வழி இருந்தால் போராடுங்கள் என்று பதில் வந்தது. வழி இருக்கவில்லை. அவரே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்.

இதைப் படித்த அன்று கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. மறுத்தவர்கள் யாரும் 'மறுத்தோம்' என்று எழுத வேண்டியிருக்கவில்லை. மறுப்பின் பாரத்தை மறுக்கப்பட்டவர் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள். பர் ஊர் திரும்பி அளித்த அறிக்கை காக்கப்படாமல் போயிருந்தால், பைதியன் சங்கம் தானாகவே விலகிக்கொண்டது என்றுதான் நாம் இன்று எண்ணியிருப்போம்.

இரண்டே மாதத்தில் நாடு முழுவதற்குமான தேசிய பேஸ்பால் சங்கம் அந்த மறுப்பை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. டிசம்பரில் இதே பிலடெல்பியாவில் கூடி, கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தாலும் அந்தச் சங்கத்தைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. சேர்த்தால் உறுப்பினர்களிடையே மனவேற்றுமை வரக்கூடும், விலக்குவதால் யாருக்கும் தீங்கில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 'யாருக்கும்' என்ற அந்தச் சொல்லில் கேட்டோவும் பர்ரும் இல்லை.

ஆயினும் பைதியன் ஆடாமல் இருக்கவில்லை. 1869 செப்டம்பர் 3 அன்று வெள்ளையர் சங்கமான ஒலிம்பிக் அணியுடன் மோதி 44–23 என்று தோற்றது. பிறகு சிட்டி ஐட்டம் பத்திரிகையின் வெள்ளையர் அணியை 27–17 என்று வென்றது. 1871 அக்டோபர் 10, தேர்தல் நாள். கறுப்பின வாக்காளர்கள் தாக்கப்பட்ட கலவரத்தில், சவுத் ஸ்ட்ரீட்டில் தன் வீட்டருகே கேட்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 32. கண்ணால் கண்ட சாட்சிகள் இருந்தும், குற்றம் சாட்டப்பட்டவர் 1877இல் விடுதலையானார்.

மற்ற கூட்டங்களில் கறுப்பினத் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றிப் படித்தோம். மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் 1884இல் டொலிடோ அணியின் கேட்சராக (வீசப்படும் பந்தை மட்டையாளருக்குப் பின்னால் நின்று பிடிப்பவராக), உயர்நிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் 42 ஆட்டங்கள் ஆடினார். முந்தைய ஆண்டு, சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சன் அவரோடு ஆட மாட்டேன் என்று அடம்பிடித்தார். கைக்காயத்தால் வாக்கர் ஓய்வெடுக்க வேண்டிய நாள் அது. டொலிடோ மேலாளர் சார்லி மார்ட்டன் அவரை வேண்டுமென்றே களத்தில் இறக்கினார். டிக்கெட் பணத்தில் தன் அணிக்குரிய பங்கு போய்விடும் என்று தெரிந்ததும் ஆன்சன் ஆடினார். அதே டொலிடோ அணியின் டோனி மல்லேன் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டது இதைவிடக் கொடியது. தான் பந்து வீசிய கேட்சர்களில் வாக்கரே சிறந்தவர் என்றும், கறுப்பினத்தவர் என்பதால் எப்படி வீச வேண்டும் என்று அவர் காட்டிய சைகைகளைப் பார்க்காமலே மனம்போல் வீசியதாகவும் சொன்னார். கனமான கையுறை இல்லாத காலத்தில், தன் அணிக்காரனே எங்கே வீசுவான் என்று தெரியாமல் பந்தைப் பிடித்த கைகளை நினைத்துப் பாருங்கள்.

1887 ஜூலை 14 அன்று நெவார்க் அணி ஆன்சனின் சிகாகோவோடு ஆடியது. நெவார்க்கின் பெரிய கறுப்பின பிட்சர் ஜார்ஜ் ஸ்டோவி களமிறங்கவில்லை. உடல்நலமில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அதே நாள் பஃபலோவில், நெவார்க் ஆடிவந்த இன்டர்நேஷனல் லீக்கின் இயக்குநர்கள் கூடி, 6–4 என்ற வாக்கில், கறுப்பினத்தவரின் புதிய ஒப்பந்தங்களை இனி ஏற்கக் கூடாது என்று லீக்கின் செயலாளருக்கு உத்தரவிட்டார்கள். இங்கும் ஒரு செயலாளர்! பைதியனின் காகிதங்களையும் இந்த உத்தரவையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. வாக்கர் 1889 வரை அந்த லீக்கில் ஆடினார். அவருக்குப் பின் அங்கே ஆடிய முதல் கறுப்பினத்தவர், 1946இல் மான்ட்ரியலுக்காக ஆடிய ஜாக்கி ராபின்சன்.

வாக்கரின் தம்பி வெல்டி 1888இல் எழுதிய கடிதத்தை மொழிபெயர்த்தவருக்கு நன்றி. திறமைக் குறைவு, நடத்தைக் குறைவு என்று ஏதாவது சொல்லி விலக்குங்கள், நிறத்தைச் சொல்லி விலக்காதீர்கள் என்ற அவரது வாதத்தை நம் இதழில் முழுமையாக வெளியிட்டோம்.

மே மாத நடையில் சிட்டி ஹாலின் தென்புறம் 2017இல் திறக்கப்பட்ட கேட்டோ சிலையையும், பிறகு காலிங்டேலில் ஈடன் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறையையும் பார்த்தோம். பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் பேஸ்பாலைக் கல்லறை மேல் வைத்துவிட்டு வந்தாள்.

வரவு 640 டாலர், செலவு 585. கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. வரும் ஆண்டில் அதே காலத்துக் கறுப்பின ஆட்டக்காரர்களான பட் ஃபௌலரைப் பற்றியும் ஃபிராங்க் கிராண்டைப் பற்றியும் படிக்க வேண்டும் என்று இருவர் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார்கள்; பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

கூட்டக் குறிப்பேட்டை இந்த ஆண்டு முதல் இரண்டு படிகளாக எழுதி, ஒன்றை நூலகத்தில் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். பிப்ரவரிக் கூட்டக் குறிப்பில் வருகை தந்த இருவரின் பெயர் விடுபட்டிருக்கிறது. அவர்கள் என்னிடம் சொன்னால் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்