ஸ்பிட்ஃபயர் கட்டத் தொடங்கும் நண்பனுக்கு

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள முருகையா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். சாயங்காலமானால் மழைதான், செந்தூலிலும் அப்படித்தான் இருக்கும். பேரனுக்கென்று வாங்கிய ஸ்பிட்ஃபயர் போர்விமான மாதிரிப் பெட்டியை இருவருமாகப் பிரித்துவிட்டீர்களாமே! நல்ல காரியம். ஒட்டத் தொடங்குமுன் இதை ஒரு தடவை படித்துவிடு.

பெட்டியில் போட்டிருக்கும் 1/72 என்பது 6 அடியை 1 அங்குலமாகச் சுருக்கிய கணக்கு. நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். உன் மேசையில் அது 15.6 சென்டிமீட்டர்தான். 1/48 என்றால் 23.4 ஆகியிருக்கும். நம் பினாங்குப் பாலத்தை இதே 1/72இல் கட்டினால்கூட 187 மீட்டர் வரும், பேரனிடம் சொல்லிப் பார். டாங்கிகளுக்கு வரும் 1/35 மட்டும் இப்படி அடி அங்குலக் கணக்கில் பிறக்கவில்லை. மாதிரிப் பெட்டிகள் செய்யும் ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி ஒரு டாங்கியைச் செய்தது. அந்த அளவே பிறகு வழக்கமாகிவிட்டது.

முதலில் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டகங்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடு. அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழல்வதற்கான எண்ணெய் மேலே ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம், பாகம் வளைந்துவிடும். பாகங்களைக் கையால் முறுக்கிப் பிய்க்காதே, அந்த இடத்தில் பள்ளம் விழும். நிப்பரால் (சின்ன வெட்டுக் குறடு) 2 மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, பிறகு ஒட்ட வெட்டி, 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, 800இல் முடி.

பசையில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டுகிற பசையே இல்லை. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும் திரவம் அது. ஆகவே பூசிவிட்டுச் சேர்க்காதே. முதலில் உலராகச் சேர்த்துப் பார், செல்லோ டேப்பால் பிடித்து வை. பிறகு தண்ணீர் போன்ற மெல்லிய சிமென்டைத் தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டாலே போதும், இடுக்கு வழியே தானாக ஓடிவிடும். லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் நூல்போலப் பிதுங்கும். அதைத் துடைக்காமல் ஒரு நாள் விட்டுத் தேய்த்தால் இணைப்பே தெரியாது. விரல் அந்தக் கோட்டின்மேல் இருந்தால் சிமென்ட் விரலுக்கடியில் ஓடி, ரேகை அப்படியே பதிந்துவிடும். விமானியின் கண்ணாடி மூடிக்கு வெள்ளைப் பசைதான் சரி, சூப்பர் க்ளூவின் ஆவி அதை வெண்மையாக மங்கவைத்துவிடும். அடுத்தாற்போல் மூக்குச் சக்கரம் வைத்த ஜெட் கட்டினால், வாலில் உட்காராமலிருக்க மூக்கில் தூண்டில் ஈயக்குண்டு வைக்க வேண்டியிருக்கும். அங்கே வெள்ளைப் பசை கூடவே கூடாது. நாளாவட்டத்தில் ஈயம் அதோடு சேர்ந்து ஊதி, உடலையே பிளந்துவிடும். இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் எப்பாக்சி பசை போடு.

பெயின்டில் நம் ஊர் ஈரக்காற்றுதான் எதிரி. லாக்கர் பெயின்டைக் கரைத்திருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது, பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிடும். மழைக்கு முன்னும் மழையிலும் அடிக்காதே. வெயில் ஏறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில், முகமூடி போட்டுக்கொண்டு அடி. ஸ்பிரே டின் என்றால் 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று தடவை. காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கினால் பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, காற்றழுத்தத்தை 15 முதல் 20 பிஎஸ்ஐ வை. அதற்குக் காற்று தரும் கம்ப்ரசரில் தண்ணீர் வடிகட்டி இல்லாமல் இங்கே காலம் தள்ள முடியாது.

வட்ட முத்திரைகளும் எண்களும் உள்ள டெக்கல்களை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்கள்) பளபளப்பில்லாத மட் பெயின்டின்மேல் நேராக ஒட்டாதே. சொரசொரப்புக்குள் காற்று மாட்டி, ஓரமெல்லாம் வெள்ளி மினுங்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டெக்கல், கடைசியில் மட் வார்னிஷ். டெக்கலை மிருதுவாக்கும் திரவம் வைத்ததும் அது சுருங்கிப் பயமுறுத்தும். தொடாமல் விட்டால் தானாகப் படிந்துவிடும், தொட்டால் கிழியும்.

இறக்கையை ஒட்டிய கையோடு, சிமென்ட் இறுகுமுன், முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார். இரண்டு முனையும் ஒரே அளவு மேலே ஏறியிருக்க வேண்டும். எப்படி வந்தது என்று எழுது. பேரனுக்கு என் அன்பைச் சொல்.

உன்,
சேகரன்