மார்கழியில் வா, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது நம் அரிட்டாபட்டிக் கண்மாய்க் கரையில் நடந்துவிட்டு, "வெறும் பாறையும் பொட்டலும்தானே அக்கா, இதற்கா சுரங்கம் வேண்டாமென்று ஊரே திரண்டு போராடியது?" என்று கேட்டாய். அன்று அடித்த வெயிலில் உனக்குக் காட்ட அங்கே ஒன்றும் பூத்திருக்கவில்லை. இப்போது ஐப்பசி மழை பெய்து கண்மாய் தளும்பிக் கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலியோரமெல்லாம் செங்காந்தள். கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டும். இலை நுனியே சுருண்டு, பக்கத்து முள்செடியைப் பற்றிக்கொண்டு கொடி மேலேறுகிறது. மொட்டு தரையைப் பார்த்துத் தொங்கும்; விரிந்ததும் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி வானத்தைப் பார்க்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியில் சிவப்பு, வாடுமுன் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் அத்தனை நிறத்தையும் பார்த்துவிடலாம். சித்திரையில் நீ மிதித்து நடந்த மண்ணுக்கடியில்தான் இதன் கிழங்கு மழைக்குக் காத்திருந்தது. பிள்ளைகளைத் தொடவிடாதே, கண்வலிக்கிழங்கு என்கிற இந்தக் கிழங்கு கொடிய நஞ்சு.

தும்பையும் ஆவாரையும் இருக்கின்றன. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவும் கரைச் சரிவில் வெள்ளை வெள்ளையாக நிற்கிறது.

இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவி குளிர்காலத்துக்கு நம் பக்கம் வந்துவிட்டது. பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு, கட்டை வால். புதருக்கடியில் சருகைக் கிளறிப் புழு தேடும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். அதைக் கேட்டபின்தான் தேடவே தோன்றும்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்த்து 193.42 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ராஜாளிக் கழுகு, லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு மூன்றும் அதில் அடக்கம். அப்படியிருந்தும் 2024இல் ஒன்றிய அரசில் இருப்பவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் உலோகச் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். பொட்டல்தானே என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள். மக்கள் விடவில்லை, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஆடு மேய்ப்பவரும் வயலுக்குப் போகிறவரும் வருடம் முழுக்க இந்தக் கரையில் நடக்கிறார்கள். எது எப்போது பூக்கும், எது எங்கே கூடு வைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எதற்காகப் போராடினார்கள் என்பது உனக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வா. வல்லூறுகள் கூடு வைக்கும் காலம் நெருங்குகிறது. பாறை விளிம்புக்கு ஏற வேண்டாம், கரையிலிருந்தே பார்க்கலாம். டிரோன் கேமரா வீட்டிலேயே இருக்கட்டும். விடியுமுன் கரைக்குப் போய்விட வேண்டும், ஆகவே முந்தைய நாளே வந்து நம் வீட்டில் தங்கிவிடு.

அன்புடன்,
அக்கா