நாடக மானியத்தை மாதாந்திரத் தொடர் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: நாடகக் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்கள்
பெறுநர்: இயக்குநர் அவர்கள், கலை பண்பாட்டுத் துறை

பொருள்: ஒருநாள் விழாக்களுக்குச் செல்லும் நாடக மானியத்தில் பாதியைத் தொடர் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நாடகத்துக்கென வரும் மானியம் பெரும்பாலும் ஒருநாள் விழாவிலேயே கரைந்துவிடுகிறது. மேடை, ஒலி, ஒளி, விளம்பரம் போக மிஞ்சுவதுதான் கலைஞர்களுக்கு. கூட்டம் வரத்தான் செய்கிறது. ஆனால் நாடகம் பிடித்துப்போன ஒருவர் வாசலில் நின்று "அடுத்தது எப்போது?" என்று கேட்டால், சொல்வதற்குக் குழுவிடம் தேதி இல்லை. நாடகத்துக்கு வரவேண்டிய பார்வையாளரை அந்த வாசலில்தான் இழக்கிறோம்.

ஆகவே ஒரே அரங்கில், மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை, ஒரே நேரத்தில் என ஆறு நிகழ்ச்சிகளுக்குச் சேர்த்து மானியம் வழங்க வேண்டுகிறோம். முதலிரண்டு மாதம் நாற்காலிகள் காலியாகக் கிடக்கலாம். அதைக் காரணம் காட்டி நிதியை நிறுத்திவிடக் கூடாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் வர நாள் பிடிக்கும். கடைசிப் பேருந்துக்கு முன்பே நாடகம் முடிய வேண்டும். இல்லாவிட்டால் உச்சக்காட்சியில் பின்வரிசை எழத் தொடங்கும். அதைப் பார்த்து நடிகர்கள் வசனத்தை விரட்ட, காட்சியே குலைந்துவிடும்.

அனுமதி முற்றிலும் இலவசமாக இருக்க வேண்டாம். இலவசமாக முன்பதிவு செய்தவர்களில் பலர் வருவதில்லை. இடமில்லை என்று திரும்பிப் போனவர்களுக்குத்தான் நட்டம். சிறு கட்டணம் போதும், மாணவர்களுக்கு அதில் பாதி.

பணத்தை நேரே இளைஞர் கையில் கொடுக்கலாமே என்ற யோசனையும் உண்டு. பிரான்ஸ் 2021-இல் 18 வயதினருக்குக் கலை, பண்பாட்டுச் செலவுக்கென 300 யூரோ கொடுத்தது. அதில் பெரும்பகுதி புத்தகங்களுக்கே போனது, குறிப்பாக 'மாங்கா' எனும் ஜப்பானியப் படக்கதைகளுக்கு. மேடைக் கலைகளுக்குக் கிடைத்தது சிறு பங்கு. படிப்பது நல்லதுதான். ஆனால் அதுவரை அரங்குக்குள் கால் வைக்காதவரைக் காசு மட்டும் அழைத்து வந்துவிடாது.

ரசீது கொடுத்த பிறகே தொகை வருவதால் குழுக்கள் வட்டிக்கு வாங்கி ஒத்திகை நடத்துகின்றன. ஆணையுடன் 60 விழுக்காடு, மூன்றாம் நிகழ்ச்சி முடிந்ததும் 30, கணக்கு ஒப்படைத்ததும் 10 என விடுவிக்கலாம். ஐந்து பேர் நடிக்கும் நாடகத்தை எந்த இயந்திரம் வந்தாலும் நான்கு பேரால் நடத்த முடியாது. கூலி மட்டும் ஏறிக்கொண்டே போகும். பொருளியலாளர்கள் பாமோலும் போவெனும் 1966-இல் விளக்கியது இதைத்தான். எனவே மானியமும் ஆண்டுதோறும் உயர வேண்டும்.

அறிக்கைப் படிவத்தில் "மொத்தக் கூட்டம்" என்ற கட்டத்தை நீக்கி, இடைவேளைக்குப் பிறகும் அமர்ந்திருந்தோர் எண்ணிக்கையைக் கேளுங்கள். கூடவே நாற்காலிக்கு ஒரு துண்டுச்சீட்டு, இரண்டே கேள்வி: இதற்கு முன் வந்ததுண்டா? யார் சொல்லி வந்தீர்கள்? ஆறு மாதச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தால் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

இந்த நிதியாண்டு விழாப் பட்டியல் இறுதியாகும் முன்பே இதற்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாடகக் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்கள்