பட்டறை விஷயமாக அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ, அத்தான், பிள்ளைகள், அப்பா எல்லோரும் நலமா? உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் எதையும் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதனால்தான் நானும் எழுத்தாகவே அனுப்புகிறேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டவேண்டியது முதலில். நம் சிலைப் பட்டறையை விற்கிற விஷயம் கடைசியில் இருக்கிறது, அதை நீ மட்டும் படி.

அப்பாவுக்கு:

நான் வேலை செய்கிற காளைச் சிலை முடியப் போகிறது அப்பா. இங்கே ரக்பி கிளப் ஒன்றின் மைதான வாசலில் நிற்கப் போகிறது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஆளோடு ஆள் மோதி ஓடுகிற ஆட்டம், அதனால்தான் காளையை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். முதுகு உயரம் எட்டடி. நம் பெரிய கோயில் நந்தி நிம்மதியாகப் படுத்திருக்கும். இது தலையைத் தாழ்த்தி முட்ட வருகிறது.

கன வார்ப்பா என்று கேட்டீர்களாம். இல்லை, உள்ளே வெற்றிடம் விட்ட பொள்ளல் வார்ப்பு. உலோகம் ஆறு மில்லிமீட்டர் கனம்தான், உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் எலும்புக்கூடு. சிற்பி அம்மா முழங்கை நீளத்துக்கு ஒரு காளை செய்து கொடுத்தார். அதைக் கம்ப்யூட்டர் ஒளியால் அளந்து, பெரிய அளவில் தெர்மாக்கோலில் வெட்டிக் கொடுத்துவிட்டது. நீங்கள் தென்னை ஓலையை மடித்து மடித்துச் சிலைக்குத் தாள அளவு பிரிப்பீர்களே, அந்த வேலை மெஷினோடு முடிந்துவிடுகிறது. ஆனால் சின்னதில் நகக்கண் அளவு இருந்த மழுப்பல் பெரியதில் ஒரு சாண் ஆகிவிடுகிறது. அதன்மேல் களிமண் அப்பித் தசையையும் அலைதாடியின் மடிப்பையும் கையால்தான் எடுக்கவேண்டும். அது என்னிடம் வந்தது.

பிறகு ரப்பர் அச்சு எடுத்து, அதற்குள் மெழுகு பூசி, காளையைத் துண்டு துண்டாக வார்க்கிறார்கள். அச்சுக்கு நம்மைப் போல் வண்டல் மண் கிடையாது. மெழுகைப் பீங்கான் குழம்பில் முக்கி, மேலே மணல் தூவி, காயவிட்டு, மறுபடி முக்கி ஓடாக ஏற்றுகிறார்கள். அடுப்பில் வைத்தால் மெழுகு ஓடிவிடும். உலோகம் செம்பும் சிலிக்கானும். நம் ஐம்பொன்னைப் போல் வெள்ளி, தங்கம் கிடையாது. சுமார் 1,150 டிகிரியில் ஊற்றுகிறார்கள். ஓட்டை உடைத்து, துண்டுகளைப் பற்றவைத்து, தழும்பு தெரியாமல் ராவி எடுப்பதுதான் பெரும்பாடு. நிறம் ஏற்றுவது பாக்கி. கேஸ் தீயால் சூடாக்கி ரசாயனம் அடித்துப் பழுப்பேற்றுவார்கள். நம்மைப் போல் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது இங்கே இல்லை.

இந்த ஊர் ஹெரிபோர்டு மாட்டுக்குத் திமில் இல்லை. வெள்ளை முகம், குட்டைக் கால், நெற்றியில் சுருட்டை மயிர். அந்தச் சுருளை மெழுகுக் கம்பி உருட்டி ஒவ்வொன்றாக இழைத்தேன். நடராஜருக்குச் சடை இழைக்க நீங்கள் பழக்கிய கை அது.

பக்கத்து வீட்டுத் தாத்தா, பனியிலும் அரை டிராயரோடு வேலியருகே நிற்பாரே, அவர் ஆயுசு முழுக்க மாடு வளர்த்தவராம். களிமண் நிலையில் இருந்தபோது பட்டறைக்குக் கூட்டிப்போனேன். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நேரே பின்னால் போய் இடுப்பில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முதுகுத்தண்டு வரை தடவினார். "இது பட்டினி கிடந்த மாடு" என்றார். சிற்பி அம்மா மறுக்கவில்லை. இரண்டு விரற்கடை மண் ஏற்றினேன், மறுநாளே காளைக்கு எடை வந்துவிட்டது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அளவு புத்தகத்தில் இருக்கலாம், சதை இப்படித் தொட்டுத் தெரிந்தவரிடம்தான் இருக்கிறது.

காளையின் கண்ணை நான்தான் செதுக்கினேன். மனசுக்குள் சுவாமிநாதசாமியை நினைத்து உளி வைத்தேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குளிரில் இட்லி மாவு புளிக்கமாட்டேன் என்றது. அச்சு சுடும் அடுப்புக்குப் பக்கத்தில் தூக்கை வைத்தேன், பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. இப்போது ஃபவுண்டரியில் எல்லோரும் திங்கட்கிழமை இட்லி கேட்கிறார்கள்.

இனி உனக்கு மட்டும், அக்கா.

போட்டோவில் விரலில் மோதிரத்தைக் காணோமே என்று கேட்டிருந்தாய். உலோகம் ஊற்றுகிற இடத்தில் மோதிரம் போட விடமாட்டார்கள். பத்திரமாக இருக்கிறது. இந்த மாசப் பணம் பாதிதான் வரும், மீதியை அடுத்த மாசம் சேர்த்து அனுப்புகிறேன். எனக்கு இங்கே பெரிய செலவு இல்லை, கவலைப்படாதே. ஹீட்டர் இல்லாமலே தூங்கப் பழகிவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று காளையின் தலையைக் கழுத்தோடு பற்றவைத்தோம். எல்லோரும் டீ குடிக்கப் போனதும் நெற்றியில் குங்குமம் வைத்தேன். அம்மா இருந்தபோது கொல்லையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே தட்டைத் தட்டுவாளே, அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இங்கே உருகுகிற மெழுகில் குங்கிலிய வாசம்கூட இல்லை அக்கா. ராத்திரி சமைக்கவில்லை. ஊருக்கு வந்துவிட வேண்டும் போலிருந்தது, இப்போதும் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், திருவலஞ்சுழிக்காரர் எவ்வளவு கொடுத்தாலும் பட்டறையை விற்க எனக்குச் சம்மதம் இல்லை. இத்தனை மெஷின் இருந்தும் இவர்கள் காளையின் முகத்தை என்னிடம் கொடுத்தார்கள். அந்தக் கை வேறெங்கிருந்தும் வந்ததில்லை, நம் பட்டறையில் வந்தது. 2023-இல் டெல்லி ஜி20 மாநாட்டுக்குப் போன 27 அடி நடராஜரை வார்த்தது நம் சுவாமிமலைதான். அப்படிப்பட்ட வேலை தேடி வருகிற ஊரில் நாம் மட்டும் ஏன் அடுப்பை அணைக்கவேண்டும்? அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்பது ஒரு காரணமே இல்லை. கண்புரைதானே, கும்பகோணத்தில் ஒரே நாளில் ஆபரேஷன் செய்து அனுப்பிவிடுவார்கள். நான் அனுப்புவதில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும், கூரை அப்புறம்.

சின்னவன் திருப்பூர் போகிறேன் என்கிறானாம். போகட்டும், ஆனால் ஆடி வரை அப்பாவோடு உட்காரச் சொல். ஓலை மடிக்கவும் மெழுகு காய்ச்சவும் தெரிந்துகொண்டு போகட்டும். ஜனவரி 28-ந்தேதி மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். ஆறு வடிந்ததும் முறையாகக் கேட்டு, மேல்மண் அச்சுக்கு ஆகிற நைசான வண்டலாக எடுத்துச் சலித்து, கோணியில் கட்டிப் பரணில் ஏற்றச் சொல். அப்பா அதைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெம்பு வந்துவிடும்.

நாச்சியார்கோவில் சித்தப்பாவுக்கு வட்டி பாக்கி இருப்பது எனக்குத் தெரியும். நானே அவரிடம் பேசிவிட்டேன், பங்குனி வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றார். அத்தானிடம் நீ சண்டை போடாதே. மூலப் பத்திரம் அவரிடம் இருந்தால் நயமாகக் கேட்டு வாங்கி உன் பீரோவில் வைத்துப் பூட்டு. நான் வரும்வரை யார் வந்து கேட்டாலும், அப்பாவே சொன்னாலும், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
உன் தம்பி