தொலைக்காட்சி நேயர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டு நான்கு முறை கூடியது. நவம்பர் 21, உலகத் தொலைக்காட்சி நாளில் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடந்தது. மே 3, பத்திரிகைச் சுதந்திர நாளில், மலையாளச் செய்திச் சேனலான மீடியா ஒன்னுக்கு மத்திய அரசு அனுமதி மறுத்ததை ரத்து செய்து உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5இல் வழங்கிய தீர்ப்பு வாசித்து விளக்கப்பட்டது.

செய்திச் சேனல்களின் விவாதங்களைக் கண்காணிப்பதிலேயே மன்றத்தின் நேரமெல்லாம் போகிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். அதனால் அந்த வேலையை விரிவாகவே பதிவு செய்கிறேன். ஒரு விவாதத்துக்கு இருவர் வேண்டும். ஒருவர் கையில் ஸ்டாப் வாட்ச், மற்றவர் கையில் தாள். யார் எத்தனை நிமிடம் பேசினார், நெறியாளர் எத்தனை முறை குறுக்கிட்டார், கேட்ட கேள்விக்குப் பதிலை முடிக்க விட்டாரா என்று குறிக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும் நிமிடங்களை யார் கணக்கிலும் சேர்க்காமல் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். பெயருக்குக் கீழே போடும் அடையாளம் மிக முக்கியம். கட்சிக்காரரை 'அரசியல் விமர்சகர்' என்று உட்கார வைத்தால் ஒரே தரப்புக்கு இரண்டு நாற்காலி கிடைத்துவிடும். தனியாளாக எழுதிய தாள்களில் இரண்டாவது விளம்பர இடைவேளைக்குப் பிறகு கணக்கு தவறிவிடுகிறது.

புகார் செய்வதற்குக் கெடு உண்டு. செய்திச் சேனல்கள் தாங்களே அமைத்துக்கொண்ட, என்.பி.டி.எஸ்.ஏ. எனப்படும் தர ஆணையத்தில் சேர்ந்துள்ள சேனல் என்றால், முதல் ஒளிபரப்பிலிருந்து 7 நாளுக்குள் சேனலுக்கு எழுத வேண்டும். மறுஒளிபரப்புத் தேதி செல்லாது. பதில் வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ அடுத்த 14 நாளுக்குள் ஆணையத்துக்குப் போகலாம். அதே விஷயத்தில் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் அந்த வழி அடைபடும். செட்டாப் பாக்ஸில் பென் டிரைவ் செருகிப் பதிவு செய்தால் பெரும்பாலும் அதே பாக்ஸில்தான் ஓடும். ஆகவே கடிகாரமும் தெரியும்படி திரையைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். யூடியூப் துண்டு வெட்டப்பட்டிருக்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. ஆணையம் விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு 2023இல் ஒரு லட்ச ரூபாயாகத்தான் இருந்தது. அது போதாது என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. ஆனாலும் இணையத்தில் தங்கிவிடும் காணொளியை நீக்கச் சொல்லி உத்தரவு வாங்க முடியும் என்பதால் இந்த உழைப்பு வீணல்ல.

கலெக்டரிடமோ காவல் நிலையத்திலோ மனு கொடுக்கலாமே என்று சில உறுப்பினர்கள் வற்புறுத்தினார்கள். நான் மறுத்தேன், இப்போதும் மறுக்கிறேன். 1995ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, நிகழ்ச்சியையோ சேனலையோ கேபிளில் காட்டக் கூடாது என்று உத்தரவிடும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கும் காவல் ஆணையருக்கும் தருகிறது. 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை நடத்திய விவாத மேடையில் விருந்தினர் பேசிய பேச்சுக்கு, சேனல் மீதும் செய்தியாளர் மீதும் வழக்குப் பதிவானது. மோசமான விவாதத்தைத் திருத்தத்தான் புகார் எழுதுகிறோம். சேனலை மூட வழி கேட்டு எழுதவில்லை.

ஒரு சேனல் திடீரெனக் காணாமல் போனால் உடனே தடை என்று வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். முதலில் எண் மாறியிருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு வேறு ஆபரேட்டரின் இணைப்பிலும் டிடிஎச்சிலும் பாருங்கள். அங்கெல்லாம் வந்து ஒரே நெட்வொர்க்கில் மட்டும் வரவில்லை என்றால், திரையில் தெரியும் அறிவிப்பைத் தேதி, நேரத்துடன் படமெடுத்து அனுப்புங்கள்.

வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். பணிப் பட்டியலில் பெயர் கொடுத்த பலர் வரவில்லை. மூன்று பதிவுகள் ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்ததால் மூன்று புகார்களும் எழுதப்படாமலே போயின. ஆண்டுச் சந்தா 300 ரூபாய், பாதிப் பேருக்கு மேல் பாக்கி. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் உள்ளது.

இடம் தந்த நூலகத்தாருக்கும், ஒத்துழைத்த கேபிள் ஆபரேட்டருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு வாரத்துக்கு ஆறு விவாதங்களைக் கண்காணிக்க 12 பேர் தேவை. இன்று கைவசம் ஐந்து பேர்தான். பெயர் சேராவிட்டால் இரண்டு விவாதங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். பதிவேடு மேசையில் இருக்கிறது, ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்தவுடன் யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்