ஆண்டறிக்கை: சாந்தோம் பேராலய வரலாற்றுப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நம் சங்கம் இவ்வாண்டு மயிலாப்பூர் சாந்தோம் பேராலயத்தின் வரலாற்றுக் கையேட்டைத் திருத்தி எழுதும் பணியை மேற்கொண்டது. மரபு எது, ஆவணம் எது என்று பிரித்துக் காட்டுவதில் செயற்குழு உறுதியாக இருந்தது. அது பக்திக்குக் குறை என்று உறுப்பினர் சிலர் தயங்கினர். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

திருத்தூதர் தோமையார் கி.பி. 52இல் மலபார்க் கரையில் இறங்கி, 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு மறைசாட்சியாகி, மயிலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிறித்தவரும் முகமதியரும் இங்கு யாத்திரை வந்ததையும், புனிதர் உயிர்நீத்த இடத்து மண்ணை எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுத்ததையும் எழுதியிருப்பது, இத்தலத்தின் புகழ் போர்ச்சுகீசியர் வருகைக்கு முந்தையது என்பதற்குப் போதிய சான்று.

பார்வையாளர்கள் அதிகம் கேட்பது, உடல் இன்னும் இங்கேயே உள்ளதா என்பதுதான். எலும்புகளில் பெரும்பகுதி பழங்காலத்திலேயே எடெஸ்ஸாவுக்கு (இன்றைய துருக்கியின் உர்ஃபா நகரம்) கொண்டு செல்லப்பட்டதாகச் சிரிய மரபு கூறுகிறது. பின்னர் அவை கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனாவை அடைந்ததாகக் கொள்ளப்படுகிறது. சாந்தோமில் ஒரு சிறு எலும்புத் துண்டும், அவரைக் குத்தியதாகப் போற்றப்படும் ஈட்டிமுனையும் திருப்பண்டங்களாக உள்ளன.

திருத்தூதர் கல்லறைமீது எழுந்த ஆலயங்கள் உலகில் மூன்றே என்ற வாக்கியத்தை நீக்கிவிட்டோம். ரோம், ஸ்பெயினின் சந்தியாகோ, சாந்தோம் என்று பெருமையாகச் சொல்லிப் பழகிவிட்டாலும், இத்தாலியின் சலேர்னோவில் மத்தேயுவையும் அமால்ஃபியில் அந்திரேயாவையும் இவ்வாறே வணங்கி வருகிறார்கள்.

கட்டட வரலாற்றில் குழப்பம் குறைவு. போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயம், திருத்தந்தை ஐந்தாம் பவுல் 1606இல் மயிலை மறைமாவட்டத்தை நிறுவியபோது பேராலயமாயிற்று. அது 1893இல் இடிக்கப்பட்டு, இன்றுள்ள கோத்திக் பாணிக் கட்டடம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. சாலையிலிருந்து பார்ப்போர் கண்ணில் படுவது 155 அடி உயர முன்கோபுரம்தான். கூரையின் நடுவே நிற்கும் சிறிய கோபுரம் கல்லறைக்கு நேர்மேலே அமைந்தது என்பதை அடிக்கடி வருவோரும் கவனிப்பதில்லை. ஆகவே புதிய கையேட்டின் வரைபடத்தில் அதற்குத் தனிக்குறி இட்டிருக்கிறோம். 1956இல் பசிலிக்காவாக (திருத்தந்தை சிறப்புத் தகுதி அளிக்கும் ஆலயம்) உயர்த்தப்பட்டதும், 1986இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வருகை தந்ததும் சுருக்கமாக இடம்பெறுகின்றன.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பரங்கிமலையில் 1547இல் கிடைத்த, பகலவி என்னும் பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவையை வரும் ஆண்டுக்கான பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு இதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்